செரட்டைக்குள்ள குடியிருக்கறவ

குழந்த வேலப்பர் மேல சத்தியம், நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா இந்த மலையில வெளையிற அம்புட்டுப் பூண்டும் என் வாயிலயே கெடந்து அழுகட்டும். அந்தப் போன அங்க தொங்கவிட்டது நாந்தேன். ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல சார். ம்ஹூம், 'ஆனா'ன்னு ஆரம்பிச்சாலே களவாணின்னு முடிவு கட்டிருவாய்ங்க. மறுக்கா சொல்லிப் பாப்போம். சார், எம் பேரு மொக்கச்சாமி. கொடைக்கானல்ல வில்பட்டி எறக்கத்துல இருக்குல்ல மாடி வீடு, நாள் வாடகைக்கு விடுற வீடு, அதுக்கு வாட்ச்மேன், தோட்டக்காரன், பெட்ஷீட்டு தொவைக்கிறவன், கொரங்கு வெரட்டுறவன், எல்லாம் ஒத்த ஆளு நாந்தேன். கெஸ்ட்டு வந்தா சாவியக் குடுத்து ரூல்ஸு சொல்லணும், போனா அவுக விட்டுட்டுப் போனத அள்ளணும், நடுவுல கண்ணுல படக்கூடாது, அதேன் வேல. இப்ப வீட்டுக்குப் பின்னாடி தொவைக்கிற கல்லுக்கிட்ட நிக்கிறேன். தலைக்கு நேரா மேல பெட்ரூம் பால்கனி. அந்தக் கம்பியில ஒரு தேங்காச் செரட்ட, வயரு கட்டித் தொங்குது, பாக்குறவுகளுக்குப் பூச்செடித் தொட்டி. உள்ள என் போனு. அதுல இன்னிக்கி என் பொண்டாட்டி கூப்புடப் போறா. நான் எடுக்கலைன்னா எனக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பொண்டாட்டி இல்ல. கண்ணாடிக் கதவுக்கு அங்குட்டு புதுசாக் கல்யாணம் கட்டுன புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு, மெட்ராசுக்காரக, மூணு மணி வரைக்கும் கதவத் தொறக்க மாட்டாக. இதத்தேன் சார் சொல்ல வந்தேன். இதுக்குப் போயி லத்தியத் தூக்குறீகளே.

இன்னும் யாரும் லத்தியத் தூக்கல, போலீசும் வரல, வெயிலு மட்டுந்தேன் வந்து கல்லு மேல குந்தியிருக்கு. நேத்து ராவுல மழ. செரட்டைக்குள்ள தண்ணி போயிருக்குமோ, போயிருக்காது, அதுக்கு மேலதேன் ஓட்டுச் சாய்ப்பு இருக்கே. அந்தச் செரட்டையக் கட்டுனது வெள்ளத்தாயி. அவதேன் என் பொண்டாட்டி. நாங்க ரெண்டு பேருமாத்தேன் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தோம், அவ சமையலுக்கு, நான் மத்ததுக்கு. இந்த எறக்கத்துல சிக்னலு எங்கயும் நிக்காது. வாசக் கேட்டுக்கிட்ட போனா இல்ல, கெணத்துக்கிட்ட போனா இல்ல, வைபை கெஸ்ட்டுக்கு மட்டும், அதோட பாஸ்வேர்ட ஓனரு சாமி நகை மாதிரி வச்சிருக்காரு. ஒருநா வெள்ளத்தாயி பால்கனியக் கூட்டுறப்ப இடுப்புல சொருகியிருந்த போனு கணகணன்னு அடிச்சிருச்சு. அடுத்த அடி நகண்டா செத்துப் போச்சு. மறுக்கா அதே எடத்துக்கு வந்தா உசுரு. "யோவ் மாமா, இந்த மூலையில சாமி எறங்கியிருக்குய்யா"ன்னா. அன்னிக்கே செரட்டையத் தொங்கவிட்டா. மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போறப்ப, வேற எதையும் சொல்லல, அழுவல, "செரட்ட வயரு இத்துப் போகாமப் பாத்துக்க"ன்னு மட்டும் சொன்னா. வயர ரெண்டு தடவ மாத்திட்டேன் தாயி. ரெண்டாந்தடவ நீலக் கலரு. உனக்குப் பிடிக்கும்.

கெஸ்ட்டு வந்தா பால்கனி போயிரும்ல, அவுக அங்க அண்டாம இருக்க நான் ஒரு ரூல்ஸு போட்டேன். ஓனரு குடுத்த ரூல்ஸுல அது கெடையாது, அது என் சொந்தச் சரக்கு. "அம்மா, பால்கனிக் கதவ மட்டும் தொறந்துறாதீக. கொரங்கு. சாதாக் கொரங்கு இல்ல, படிச்ச கொரங்கு. போன வாரம் ஒரு ஐயாவோட பல்லுசெட்ட எடுத்து மாட்டிக்கிட்டு மரத்துல உக்காந்து சிரிச்சுச்சு"ன்னு நடிச்சுக் காமிப்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாய்ங்க. சிரிச்சுட்டு நேராப் போயி கதவத் தொறப்பாய்ங்க, அதேன் கெஸ்ட்டு. சத்தம் போடாதன்னா ராத்திரி குத்தாட்டம். உள்ள சிகரெட்டு கூடாதுன்னா தலகாணியில ஓட்ட. வளப்புப் பிராணி கொண்டாறலாம்னு ஓனரு ஒருக்கா கம்ப்யூட்டர்ல போட்டுத் தொலச்சாரு, ஒட்டஞ்சத்திரத்துக் குடும்பம் ஒண்ணு கெடாக்குட்டியோட வந்து எறங்குச்சு. "நாய் பூனதேன் பிராணியா, ஆடு என்ன அம்மிக்கல்லா"ன்னு பெரியவரு கேட்டாரு. அது ஒரு ராத்திரியில பாதி திரைச்சீலையத் தின்னுச்சு. மறுநா அதக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, மத்தியானம் சட்டியோட கொண்டாந்து, "இந்தாப்பா, உன் திரைச்சீல"ன்னு எனக்கே ஒரு கிண்ணம் குடுத்தாய்ங்க. அம்புட்டுப் பேரும் அப்படி. சொன்னத ஒருத்தரும் கேட்டதில்ல. ஆனா மேல இருக்குதுகளே இந்த ரெண்டு, யாழினியாம், ரிஷியாம், இதுகள மாதிரி ஒரு கெஸ்ட்ட நான் பாத்ததில்ல. செருப்பக் கழட்டி வரிசையா வச்சுதுக. கீசரப் போட்டா நிறுத்துதுக. ரூல்ஸ நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுச்சு, "அண்ணா, கொரங்கு ராத்திரியிலயும் வருமா"ன்னு கண்ண விரிச்சுக் கேட்டுச்சு. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "ராத்திரியிலதேம்மா டூட்டியே"ன்னு சொல்லிப்புட்டேன். சொல்லிட்டுச் சாவியக் குடுத்துட்டுக் கீழ எறங்கி, கடைசிப் படியில கால வச்சப்பத்தேன் இடுப்பத் தடவிப் பாக்குறேன், போனு இல்ல. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துருச்சுக, நான் ஒரு பக்கம் அள்ளி மறுபக்கம் போட்டு ஓடியாந்ததுல செரட்டைய மறந்துட்டேன்.

அப்பவே மேல ஏறிப் போயி, "அம்மா, என் போனு உங்க பால்கனியில இருக்கு"ன்னு சொல்ல வேண்டியதுதானன்னு கேப்பீக. நல்லாக் கேப்பீக. இந்தக் காலத்துல, ரூமு எடுத்துத் தங்குற புதுப் பொண்ணு மாப்ளக்கிட்டப் போயி, உங்க பெட்ரூமப் பாத்த மாதிரி என் போனு ஒண்ணு செடித் தொட்டியில ஒளிஞ்சு தொங்குதுன்னு நீங்க சொல்லிப் பாருங்களேன். சாவி வாங்குன ஒடனே அந்தப் பையன் என்ன பண்ணுனான்? கண்ணாடிக்குப் பின்னாடி பாத்தான், பல்பு ஓட்டைய நோண்டுனான், பாத்ரூமு ஹீட்டர்ல வெரல விட்டான். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா, அங்கங்க கேமரா வைக்கிறாங்க"ன்னான். "நல்லாப் பாருங்க தம்பி, என் அழகுக்கே ஆறு கேமரா வைக்கலாம்"னு நான் பேசுனேன் பாருங்க, அந்த நாக்க இந்தக் கல்லுலயே வச்சு அடிச்சுத் தொவைக்கணும். போன மாசந்தேன் ஒரு கெஸ்ட்டு எழுதிட்டுப் போயிருக்கு, வாட்ச்மேன் எங்க பால்கனியில நின்னு பொண்டாட்டி கூடப் பேசுறான்னு. ஓனரு ஜோஷ்வா சாரு கூப்புட்டாரு. திட்டல. திட்டுனா நான் ஏதாச்சும் சொல்லிச் சிரிக்க வச்சிருவேன், அவருக்குத் தெரியும். "மொக்கச்சாமி, இன்னொரு தடவ பால்கனின்னு ஒரு வார்த்த ரிவ்யூல வந்துச்சுன்னா, பையக் கட்டிக்க"ன்னு அமைதியாச் சொல்லிட்டு வச்சிட்டாரு. பையக் கட்டுனா எங்க போக. அவ திரும்பி வந்தா இந்தப் பின்கட்டு ரூமுக்குத்தேன வரணும். வந்து நிக்கிறப்ப வேற எவனோ கதவத் தொறந்தா?

பரவால்ல, காலையில பதினொண்ணுக்குக் கெளம்பிருவாக, போனதும் எடுத்துக்கலாம், அவ கூப்புடுறது மத்தியானந்தேனன்னு ராப்பூரா எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கிட்டேன். விடிஞ்சு டீ போட்டு வாசல்ல வச்சுட்டு வந்தா, அந்தப் பக்கத்து ஜன்னலத் தொறந்து பொண்ணு எட்டிப் பாக்குது. "அண்ணா, ஓனர் லேட் செக்-அவுட் குடுத்துட்டாரு, மூணு மணிக்குத்தான் கெளம்புவோம், உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணாராம், நீங்க எடுக்கலியாம்." எப்படி எடுக்க, உன் காலடியிலல்ல கெடந்து நடுங்கிக்கிட்டிருக்கு. அப்பச் சொல்லியிருக்கணும். வாயத் தொறந்தேன். வாயத் தொறந்தா எனக்கு என்ன வரும், நக்கலுதேன் வரும். "மூணு மணி என்னம்மா, மூணு மாசம் இருங்க, ரேசன் கார்டு எழுதிருவோம்"னேன். சிரிச்சுட்டு ஜன்னலச் சாத்திக்கிருச்சு. சாத்துன ஜன்னலப் பாத்துக்கிட்டு நின்னேன். சிரிக்க வச்சதெல்லாம் கடைசியில கதவச் சாத்திட்டுப் போயிருது, அது என் ராசி.

சரி, பெட்ஷீட்ட முறுக்குவோம். முந்தாநா கெஸ்ட்டோடது, மருதாணிக் கற. வெளுக்கல. ஈர பெட்ஷீட்ட ஒத்த ஆளு முறுக்குறது இருக்கே, அது ஒத்தக் கையில கை தட்டுற மாதிரி. ஒரு முனைய அந்தப் பேரிக்கா மரத்துல கட்டிப்புட்டு, இந்த முனையில நின்னு நான் முறுக்குறேன். மரம் நல்லாத்தேன் பிடிக்குது, கொற சொல்லக்கூடாது, ஆனா மரம் பேசாது. அவ அந்த முனையப் பிடிச்சான்னா முறுக்க முறுக்க வஞ்சுக்கிட்டே கிட்ட வருவா. துணி சுருங்கச் சுருங்க ரெண்டு பேரும் கிட்ட வந்துருவோம்ல, கடைசி முறுக்குல மூக்குக்கு மூக்கு நிப்போம், "போதும்யா, துணிதேன் காயணும், நீ இல்ல"ன்னு பட்டுன்னு விட்டுருவா, அம்புட்டுத் தண்ணியும் என் மேல. அப்புறம் சிரிப்பா. அவ சிரிச்சா எதுத்த மல டீக்கடையில, "மொக்க பொண்டாட்டி சிரிக்கிறா, இனி மழ இல்ல"ம்பாய்ங்க. அம்புட்டுச் சத்தம். அந்தச் சத்தத்தத்தேன் மஸ்கட்டுக்காரம்மா மொத நாளே வாங்கி வச்சிக்கிருச்சாம், பாஸ்போர்ட்டு கூடவே. சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது. பாத்தரம் கழுவுறப்ப பாடக் கூடாது. ஜன்னலுக்கிட்ட நிக்கக் கூடாது. சோபாவத் தொடைக்கலாம், உக்காரக் கூடாது. அடுப்படியில ஒரு கேமரா, கூடத்துல ஒரு கேமரா. வாசிங் மிசினுக்குப் பின்னாடி மட்டும் கேமராவுக்குக் கண்ணு எட்டாதாம், அதுல முழங்கால மடிச்சு உக்காந்தா ஒரு ஆளு கொள்ளும். வெள்ளிக்கெழம ஆம்பளைக தொழுகைக்குப் போயி, மேடம் அவுகம்மா வீட்டுக்குப் போற நேரம், அந்தச் சந்துல உக்காந்துதேன் எனக்குப் பேசுவா. பேச்சுன்னா பேச்சா, வண்டு முனங்குற மாதிரி. மொத மாசம் எனக்கு அவ கொரலுன்னே தெரியல. "யாருங்க பேசுறது"ன்னு கேட்டேன். வெளையாட்டுக்குன்னு நெனச்சுக்கிட்டா. வெளையாட்டு இல்ல தாயி.

ரெண்டு பேருக்கும் பேச என்ன இருக்கு, ரூல்ஸுதேன் இருக்கு. "இந்த வாரம் என்ன புதுசு?"ம்பா. நான் கெஸ்ட்டு பண்ணுன கூத்துக்கு ஓனரு போட்ட புது ரூல்ஸச் சொல்லுவேன்: நீச்சல் தொட்டின்னு நெனச்சு தண்ணித் தொட்டியில எறங்கக் கூடாது. அவ அங்குட்டு போட்டதச் சொல்லுவா: வெங்காயம் அரிஞ்சு கண்ணுல தண்ணி வந்தாலும் கொழந்தைக முன்னாடி தொடைக்கக் கூடாது, பயந்துக்குமாம். யாரு ரூலு பெருசுன்னு போட்டி. தோத்தவுக ஒரு ரூலு போடணும், செயிச்சவுகளுக்கு. "மொக்க மாமா தெனம் ஒரு தடவ தலைக்கு எண்ண வைக்கணும்." "வெள்ளத்தாயி சோத்த நின்னுக்கிட்டுத் திங்கக்கூடாது." மத்த புருசன் பொண்டாட்டி என்னென்னமோ பேசுவாக. எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல, இருந்தா அதுகளப் பத்திப் பேசியிருப்போம். இப்ப எங்க வீட்டு ரூல்ஸு ஒரு கூட இருக்கு, வீடுதேன் இல்ல, ரெண்டு பேரும் ஊரான் வீட்டுல இருக்கோம்.

போன வெள்ளிக்கெழம அவ ரூலு கேக்கல. "மாமா, இந்த ரெண்டு வருசமும் முடியுது. மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லுது. வரவா, இருக்கவா?"ன்னா. மொதத் தடவ ரெண்டு வருசம் முடிஞ்சப்ப இதே மாதிரி கேட்டா, இருந்தா ஊருல ஓட்டு வீடு ஒண்ணு போட்டுறலாம்னு அவளே பதிலும் சொல்லிக்கிட்டா, நான் சிரிச்சுக்கிட்டே சரின்னேன். இந்தத் தடவ அவ பதிலு சொல்லல. பொறுத்திருந்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா. "வந்தா எந்த ரூமும்மா வேணும், ஏரி பாக்குறதா, தோட்டம் பாக்குறதா?" அங்குட்டு மிசினு ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அந்த வண்டுக் கொரல்ல சொன்னா, "அடுத்த வெள்ளிக்கெழம கூப்புடுவேன். அன்னிக்கிச் சாயந்தரம் மேடத்துக்குப் பதிலு சொல்லணும். ஒரு வார்த்த சொல்லு போதும். வான்னா வாரேன். இருன்னா இருக்கேன். வெளையாண்டா நான் இருக்கேன்னு சொல்லிருவேன். எடுக்கலைன்னாலும் அதேன்." "ஏன் புள்ள, நான் எடுக்காம"ன்னு ஆரம்பிச்சேன். "நீ எடுக்கலைன்னா, உனக்கு நான் அங்குட்டு இருக்குறதுதேன் தோதுன்னு எடுத்துக்குவேன் மாமா." வச்சிட்டா. தோதாம். ஏ கிறுக்கச்சி, தோதாம்ல. ஒத்த ஆளா டபுள் கட்டுலுக்குப் பெட்ஷீட்டு விரிச்சுப் பாரு தெரியும் தோது. இந்த மூலையச் சொருகிட்டு அந்த மூலைக்கு ஓடுனா இந்த மூல எந்திரிச்சிருது, இங்குட்டு ஓடுனா அங்குட்டு, கட்டுலச் சுத்திப் பேயி பிடிச்சவன் மாதிரி ஓடிக்கிட்டுக் கெடக்கேன் நாலு வருசமா.

ஒரு வாரமா அந்த ஒரு வார்த்தையத்தேன் பழகுறேன். வா. இவ்வளவுதேன். கோழியக் கூப்புடுறப்ப எத்தன தடவ சொல்றேன். மரத்துக்கிட்ட சொன்னேன், சரியா வந்துச்சு. கெணத்துல எட்டிப் பாத்துச் சொன்னேன், திரும்பி என்னையவே வான்னுச்சு, பயந்து ஓடியாந்துட்டேன். வார்த்த வந்துருது, அது பின்னாடியே ஒரு நக்கலு வால ஆட்டிக்கிட்டு வருது. வா, வர்றப்ப ஒட்டகம் ஒண்ணு வாங்கிட்டு வா. வா, ஆதார் கார்டு ஜெராக்ஸோட வா. வெட்டி எறியுறேன், மறுக்கா மொளைக்குது. எங்கப்பன் செத்த அன்னிக்கும் நான் பாடையப் பாத்து என்னமோ சொல்லி எழவு வீட்டச் சிரிக்க வச்சவன். பயம் வந்தா மத்தவனுக்கு வேர்க்கும், எனக்கு நாக்கு ஓடும். அவ மட்டும் சிரிச்சு முடிச்சுட்டு என் மொகத்தப் பாப்பா. இப்ப மொகத்த எங்க பாக்க, மிசினுக்குப் பின்னாடி இருட்டுல.

டவுன் பக்கத்துலருந்து காத்துல பாங்கு கேக்குது. இங்க தொழுக முடிஞ்சு ஜனம் கலையிற நேரத்துல அங்க பாங்கு சொல்லுவாகன்னு அவ சொல்லியிருக்கா. அப்பன்னா இன்னும் கொஞ்ச நேரந்தேன். போயிக் கதவத் தட்டிருவமா. தட்டி, தண்ணி மோட்டாரு பாக்கணும், பால்கனி வழியாத்தேன் போகணும்னு சொல்லுவமா. அந்தப் பையன் கூடவே வருவான், செரட்டையப் பாப்பான். மூங்கிலேணி வச்சு ஏறுவமா. ஏறுறப்ப அந்தப் பொண்ணு திரையத் தள்ளுச்சுன்னா, கண்ணாடிக்கு அங்குட்டு என் மூஞ்சி, நான் சொன்ன படிச்ச கொரங்கு. கல்லத் தூக்கி எறிஞ்சு செரட்டைய விழ வைப்பமா. கீழ விழுந்தா போனு செதறும். மரத்துல ரெண்டு கொரங்கு குந்திப் பேன் பாக்குதுக. டேய், நீங்களாச்சும் போயி எடுத்துட்டு வாங்களேண்டா, நாலு வருசமா உங்களப் பத்தி எம்புட்டுப் பெருமையாப் பேசியிருக்கேன். ஏறெடுத்துப் பாக்கல. மாடியில மாப்ளயும் பொண்ணும் என்னமோ பேசிச் சிரிக்கிறது லேசாக் கேக்குது. பொண்ணுதேன் அதிகமாச் சிரிக்குது. சிரிம்மா. கதவத் தொறந்து வச்சுச் சிரி. உன் சிரிப்ப யாரும் வாங்கி வைக்கல. முறுக்குறேன், இன்னும் ஒரு சுத்து, கையி செவந்து போச்சு, தண்ணி சொட்டுறது நின்னு போச்சு, இருந்தாலும் முறுக்குறேன்.

"யோவ் மாமா! காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? மேல வாய்யா!" ஐயோ. அடிச்சிருச்சு. அது மணி இல்ல, அவ கொரலு. அவ ஊருக்குப் போறதுக்கு மொத வாரம் இதே பால்கனியில நின்னு கீழ நின்ன என்னையக் கூப்புட்டா, நான் கேக்காத மாதிரி நடிச்சுக்கிட்டு அவளுக்குத் தெரியாமப் பதிவு பண்ணி, அவ நம்பருக்கு மட்டும் அதையே மணியா வச்சிருக்கேன், மத்தவுகளுக்கெல்லாம் வெறும் நடுக்கந்தேன். அவளோட பழைய கொரலு, யாரும் வாங்கி வைக்கிறதுக்கு முன்னாடி இருந்த கொரலு. "காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? மேல வாய்யா!" செரட்ட ஆடுது. "மேல வாய்யா!" காலு கல்லோட கல்லா நிக்குது, பெட்ஷீட்ட விட முடியல. மேல திரை வெலகுது. கண்ணாடிக்குப் பின்னாடி பொண்ணு மொகம், பயந்து போயி. பின்னாடி பையன், "தொறக்காத யாழினி, கொரங்கு!" "கொரங்கு தமிழ் பேசுமா?" கதவு தொறந்துருச்சு. செரட்டையப் பாத்துட்டா. போன எடுத்துட்டா. குனிஞ்சு என்னையப் பாக்குறா. அந்த மொகம் மாறுறத நான் கீழருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், தலையாட்டி ரூல்ஸு கேட்ட மொகம், இப்ப என்னைய அளக்குது. "அண்ணா, இது உங்க போனா? இது ஏன் இங்க தொங்குது?" பையன் வந்துட்டான், "கேமரா ஆன்ல இருக்கா பாரு!" எல்லாம் முடிஞ்சது. சத்தியம் பண்ணணும், வேலப்பர், பூண்டு, ஒண்ணும் வாயில வரல. மறுக்கா மறுக்கா அவ கொரலுதேன் கத்துது. பொண்ணு சட்டுன்னு எடுத்து, சத்தமாக் கேக்குற மாதிரி வச்சு, "ஹலோ, யாரு?"ன்னுச்சு.

அங்குட்டு மூச்சு. அப்புறம் வண்டுக் கொரலு. "நீ யாருடி?" பொண்ணு தெகச்சுப் போச்சு. "நாங்க இங்க கெஸ்ட். நீங்க யாரு?" "நான் அந்த மனுசனோட பொண்டாட்டி. அவரு எங்க?" "கீழ நிக்கிறாரு. அவர் போன் எங்க பால்கனியில ஒளிச்சு வச்சிருக்கு. எங்களுக்குப் பயமா இருக்கு, இது எதுக்கு இங்க?" கொரங்குகூடப் பேன் பாக்குறத நிறுத்திருச்சு. அப்புறம் அந்தச் சின்னக் கொரலு, ஒவ்வொரு வார்த்தையா எறங்கி வருது. "பயப்படாத தாயி. அந்த வீட்ல அந்த ஒரு எடத்துலதேன் சிக்னலு கெடைக்கும். நாலு வருசமா நான் அந்தச் செரட்டையிலதேன் குடியிருக்கேன். அவரு உங்களப் பாக்க வைக்கல. என்னையத்தேன் வச்சிட்டு மறந்துட்டாரு."

பையன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பொண்ணு போன நெஞ்சுக்கிட்டப் பிடிச்சுக்கிட்டுக் கீழ பாக்குது, இப்ப அளக்கல. "அக்கா, அவர மேல வரச் சொல்லவா?" "நேரமில்ல தாயி, இங்க வாசல்ல கார் சத்தம் கேக்குது. அவருக்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. வரவா, இருக்கவா. அம்புட்டுத்தேன்." பொண்ணு கம்பியில பாதி ஒடம்ப வெளிய விட்டு, "அண்ணா! அக்கா கேக்கறாங்க. வரவா? இருக்கவா?" கேக்குது, கேக்குது, எனக்குக் காதுல பஞ்சு இல்ல. வந்துருச்சு நாக்குல, செக்-இன் மத்தியானம் ரெண்டு மணிக்கும்மா, அடையாள அட்ட வேணும்மா, வரிசையா வந்து பல்லக் காமிச்சு நிக்குதுக, வேலப்பா, இதுகள முழுங்க ஒரு வாய் குடு. முழுங்குறேன். தொண்டையில முள்ளு மாதிரி எறங்குது. "அண்ணா, சொல்லுங்கண்ணா!" பெட்ஷீட்ட விட்டுட்டேன். முறுக்கு அத்துக்கிட்டு அது மரத்தடியில பாம்பு மாதிரி சுழண்டு சுழண்டு மண்ணுல விழுது. "வாஆஆ!" கத்துனது நானா. "வந்துரு தாயி! வா! என்னால முடியல, வா!" சத்தம் போடக் கூடாதுங்குறது மொத ரூலு, ஊருக்கே சொல்றவன் நாந்தேன். எதுத்த மலையில பட்டு வா வான்னு திரும்பி வருது, டீக்கடை நாயி கொலைக்குது, கொரங்கு ரெண்டும் மரத்த விட்டு ஓடுதுக. அப்ப அந்தப் போனுக்குள்ளருந்து ஒரு சத்தம். அவ சிரிக்கிறா. மஸ்கட்டு வீட்டுல, கேமராவுக்கும் மேடத்துக்கும் நடுவுல, மிசினுக்குப் பின்னாடி உக்காந்து வாய விட்டுச் சிரிக்கிறா. அந்தப் பழைய சிரிப்பு. பால்கனி தாங்கல. சிரிச்சுக்கிட்டு இருக்குறப்பவே பட்டுன்னு அத்துப் போச்சு.

பொண்ணு கண்ணத் தொடச்சுக்கிட்டு, ரூல்ஸு மீறக்கூடாதுன்னோ என்னமோ, போனத் திரும்ப அந்தச் செரட்டைக்குள்ளயே வச்சு, கம்பியில சுத்திச் சுத்திக் கட்டியிருந்த வயர அவுத்து, கெணத்து வாளிய எறக்குற மாதிரி மெதுவாக் கீழ எறக்குது. நீல வயரு. அந்த மூலைய விட்டு எறங்குறதுக்கு முன்னாடியே கிணுங்குனு ஒண்ணு வந்து விழுந்துருச்சு உள்ள, அவ பேசி அனுப்புனது. ரெண்டு கையும் நீட்டி வாங்கி அமுக்குறேன். மூச்சு வாங்குது அவளுக்கு, பின்னாடி யாரோ அரபியில கூப்புடுறாக. "மாமா, இந்த வாரத்து ரூலு. நான் வந்து மொத நா சோறாக்குறப்ப, அந்தச் செரட்டையத்தேன் அடுப்புல வைக்கணும். அதுல தீ பிடிச்சதுக்கு அப்புறந்தேன் ஒல வைப்பேன்."

சரி, கத முடிஞ்சுருச்சு, எந்திரிங்க, உங்களுக்கும் செக்-அவுட்டு நேரமாச்சு. என்ன பாக்குறீக, கேட்டுட்டுச் சும்மா நழுவலாம்னா? நீங்க குடுக்குற அஞ்சு ஸ்டாரெல்லாம் ஓனருக்கு, என் கூலி தனி. அவளக் கூட்டியாரத் திருச்சி ஏர்போர்ட்டு வரைக்கும் காரு போகணும், ஆளாளுக்கு டீசல் ஊத்துங்க. ஊத்த முடியாதுன்னு கைய விரிக்கிறவுக விரிச்ச கையோட இங்குட்டு வாங்க, பெட்ஷீட்டு மண்ணாயிருச்சு, மறுக்கா அலசணும், அந்த முனையப் பிடிங்க. அவ வர்ற வரைக்குந்தேன். ரொம்பக் கிட்ட மட்டும் வந்துறாதீக.